லிக்னி, லிக்னோ: மரத்தைக் குறிக்கும் லத்தீன் வேரைப் பிடித்துச் சொற்களைப் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லிக்னின், லிக்னைட், லிக்னோகெயின், லிக்னோசெல்லுலோஸ். தாவரவியல், நிலவியல், மருந்தியல், வேதியியல் என்று நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கும் இந்தச் சொற்களைப் பலரும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. நான்கிலும் முன்னால் நிற்பது ஒரே வேர்தான்: லத்தீன் மொழியின் 'லிக்னும்'. மரக்கட்டை என்று பொருள். இந்த வேர் எங்கிருந்து வந்தது, எந்த வடிவங்களை எடுக்கும், எதோடு சேரும், எதோடு சேராது என்று தெரிந்துகொண்டால், இதுவரை பார்த்தே இராத ஒரு அறிவியல் சொல்லையும் அகராதியைத் திறக்குமுன் பாதி புரிந்துகொண்டுவிடலாம்.

படிகளை வரிசையாகவே படியுங்கள். முதல் இரண்டு படிகளும் வெறும் வரலாறு போலத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் பல முடிச்சுகள் அங்கேதான் அவிழ்கின்றன.

படி 1: அடுப்பு விறகிலிருந்து தொடங்குங்கள்

அகராதிகள் 'லிக்னும் என்றால் மரம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அது போதாது. ரோமானியர்கள் மரத்தைப் பல சொற்களால் பிரித்துப் பேசினார்கள். மண்ணில் வேரூன்றி நிற்கும் மரம் 'ஆர்போர்'. வீடும் கப்பலும் கட்ட அறுத்துவைத்த மரம் 'மாத்தேரியா'. எரிக்கச் சேர்த்துவைத்த கட்டைதான் 'லிக்னும்'. பன்மையில் 'லிக்னா' என்றால் அநேகமாக விறகு என்றே பொருள்.

இந்த வேறுபாடு பேச்சு வழக்கோடு நிற்கவில்லை, சட்டத்திலும் ஏறியது. ஒருவர் தன் உயிலில் 'என் மரக்கட்டைகளை இன்னாருக்குக் கொடுக்கிறேன்' என்று எழுதிவிட்டு இறந்துபோனால், அதில் எதெல்லாம் அடங்கும்? கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் உல்பியன் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். லிக்னும் என்பது பொதுப்பெயர்தான். ஆனால் கட்டவும் முட்டுக்கொடுக்கவும் தேவைப்படுவது மாத்தேரியா, எரிக்கத் தயார்செய்தது லிக்னும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் உல்பியனின் இந்த விளக்கம் சேர்க்கப்பட்டு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

சரி, விறகுக்கு ஏன் அந்தப் பெயர்? கி.மு. முதல் நூற்றாண்டின் மொழி அறிஞர் வர்ரோ அப்போதே விளக்கம் கொடுத்துவிட்டார். 'லெகெரே' என்றால் பொறுக்குதல், திரட்டுதல். வயலில் தானாக விழுந்து கிடந்ததைப் பொறுக்கி அடுப்புக்குக் கொண்டுவந்ததால் அது லிக்னும். பழங்காலத்து வேர்ச்சொல் விளக்கங்களில் ஊகமாக முடிந்தவை ஏராளம். இந்த விளக்கத்தை இன்றைய மொழியியலாளர்களும் ஏற்கிறார்கள். எகரம் எப்படி இகரமானது என்ற கேள்விக்கும் பதில் உண்டு: லத்தீனில் 'க்ன' என்ற ஒலிக்கூட்டத்துக்கு முன்னால் வரும் எகரம் இகரமாக மாறியது. 'தெகெத்' என்றால் பொருந்துகிறது. அதோடு உறவுள்ள 'திக்னுஸ்' என்றால் தகுதியுள்ளவன். அங்கும் அதே மாற்றம்தான்.

லெகெரே என்ற வினைக்குப் படித்தல் என்ற பொருளும் உண்டு, எழுத்துகளைக் கண்ணால் பொறுக்குவது என்ற வழியில். ஆங்கிலத்தின் லெக்சர், கலெக்ட், செலக்ட் எல்லாம் அந்த வினையின் பிள்ளைகள். ஆக லிக்னினும் லெக்சரும் ஒரே வீட்டில் பிறந்தவை. எனக்கு இந்த வேரின் மீது ஆர்வம் வந்ததே இந்த உறவைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

காலம் போகப் போக லிக்னும் விரிந்தது. கி.பி. 400ஐ ஒட்டி ஜெரோம் லத்தீனில் பெயர்த்த விவிலியத்தில், ஏதேன் தோட்டத்தின் நடுவில் நிற்கும் வாழ்வின் மரம் 'லிக்னும் விட்டே' என்றே வருகிறது. விறகைச் சொன்ன சொல் நிற்கும் மரத்தையும் சொல்லத் தொடங்கிவிட்டது. இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

படி 2: தத்துவம் யாரைக் கூட்டிப்போனது என்று பாருங்கள்

கிரேக்கத்தில் மரத்துக்கு இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று 'க்ஸிலோன்', வெட்டிய கட்டை. இன்னொன்று 'ஹூலே', காடும் மரமும். அரிஸ்டாட்டில் ஹூலேவை எடுத்து, எல்லாப் பொருள்களுக்கும் அடிப்படையான மூலப்பொருள் என்ற கருத்துக்குப் பெயராக வைத்தார். ரோமானியர்கள் அதைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தபோது, கட்டுமான மரமான மாத்தேரியாவை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். இன்று நாம் மெட்டீரியல், மேட்டர் என்று சொல்வதெல்லாம் அந்த மரத்தின் பேரப்பிள்ளைகள்.

விறகான லிக்னும் அந்த ஊர்வலத்தில் சேரவில்லை. எந்தத் தத்துவமும் அதைத் தொடவில்லை. அதனால்தான் அதன் பொருள் தேயாமல், மரக்கட்டை என்ற அளவில் உறுதியாக நின்றது. பல நூற்றாண்டுகள் கழித்து, மரத்தை மட்டும் துல்லியமாகக் குறிக்கும் ஒரு வேர் அறிவியலுக்குத் தேவைப்பட்டபோது லிக்னும் தயாராக இருந்தது.

லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளில் பழைய பாகப்பிரிவினை இன்னும் தெரிகிறது. ஸ்பானிய மொழியில் விறகு 'லென்யா', கட்டுமான மரம் 'மதேரா'. போர்ச்சுகீசியத்தில் 'லென்யா', 'மதைரா'. காடு அடர்ந்திருந்த ஓர் அட்லாண்டிக் தீவுக்குப் போர்ச்சுகீசியர் மதைரா என்று பெயர் வைத்ததும் இந்த வழியில்தான். இத்தாலியர்கள் ஒரே வேரை இரண்டாக்கிக்கொண்டார்கள்: 'லென்யோ' மரக்கட்டை, 'லென்யா' விறகு. ருமேனியத்தில் 'லெம்ன்'.

படி 3: மூன்று வடிவங்களையும் பிரித்துப் பாருங்கள்

லிக்னும் என்ற சொல்லின் வால் 'உம்'. கூட்டுச்சொல்லில் அது உதிர்ந்துவிடும். மிஞ்சுவது எல், ஐ, ஜி, என் என்ற நான்கு எழுத்துகள். அதன் பிறகு மூன்று வழிகள்.

அடுத்து வரும் பகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் நேராக ஒட்டும்: லிக்னின், லிக்னைட், லிக்னியஸ், லிக்னன். இணைப்புக்கு எதுவும் வேண்டாம்.

அடுத்து மெய்யெழுத்து வந்தால் நடுவில் ஓர் உயிர் தேவை. லத்தீன் மரபில் அந்த இணைப்பு 'இ'. ஆகவே லிக்னிஃபை, லிக்னிஃபார்ம், லிக்னிவோரஸ். கிரேக்க மரபில் இணைப்பு 'ஓ'. 19ஆம் நூற்றாண்டிலிருந்து வேதியியலாளர்கள் எந்த மொழி வேராக இருந்தாலும் ஓகாரத்தைப் போட்டே இணைக்கப் பழகிவிட்டார்கள். லிக்னோசெல்லுலோஸ், லிக்னோசல்ஃபோனேட் அப்படி வந்தவை.

இதிலிருந்து ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. 'லிக்னி' என்று பார்த்தால் பெரும்பாலும் உயிரியல் சொல், இரண்டாம் பாதியும் லத்தீன். 'லிக்னோ' என்று பார்த்தால் பெரும்பாலும் வேதியியல் அல்லது தொழில்நுட்பச் சொல். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. லிக்னோட்யூபர் என்ற தாவரவியல் சொல்லில் இரண்டு பாதியும் லத்தீன்தான், ஆனாலும் ஓகாரம்தான் இணைக்கிறது. ஆகவே இதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக அல்ல.

படி 4: வாலிலிருந்து படியுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். முன்பாதி மரம் என்று தெரிந்ததும் மகிழ்ந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். சொல் எந்த வகைப் பொருளைக் குறிக்கிறது என்பதைச் சொல்வது பின்பாதி. தமிழிலும் அப்படித்தானே? மரப்பெட்டி என்பது பெட்டி வகை, மரம் வகை அல்ல. எனவே எப்போதும் கடைசித் துண்டை முதலில் படியுங்கள்.

'ஐட்' என்று முடிந்தால் கனிமம் அல்லது பாறை. லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சில் உருவான பெயர். இந்தக் கரி முழுதாக இறுகாதது. பல இடங்களில் வெட்டியெடுக்கும் துண்டில் மரத்தின் நார்வரிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெயர் வைத்தவர்கள் எதைப் பார்த்து வைத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

'ஃபை', 'ஃபிகேஷன்' என்றால் ஒன்றாக மாறுவது. லிக்னிஃபிகேஷன் என்பது செல்சுவரில் லிக்னின் படிந்து தண்டு மரத்தன்மை அடைவது. பச்சையாக வளைந்துகொடுக்கும் இளங்கிளை அடுத்த பருவத்தில் பழுப்பாகி விறைப்பது இந்த மாற்றத்தால்தான்.

'இயஸ்' என்றால் தன்மை. லிக்னியஸ் என்பது மரம் போன்ற. இது தாவரத்தைத் தாண்டி மருத்துவத்திலும் நடமாடுகிறது. பிளாஸ்மினோஜன் என்ற புரதம் குறைவதால் கண்ணிமையின் உட்புறத்தில் தடித்த, விறைப்பான சவ்வு வளரும் ஓர் அரிய நோய் உண்டு. அதன் பெயர் லிக்னியஸ் கன்ஜங்டிவைடிஸ். அங்கே மரமும் இல்லை, மரத்தூசியும் இல்லை. தொட்டால் கட்டை மாதிரி இருக்கிறது என்பதற்காக அந்தப் பெயர்.

அப்புறம், உயிரினங்களைச் சொல்லும் மூன்று வால்கள். இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது மிக எளிது. 'வோரஸ்' என்றால் உண்பது. 'கோலஸ்' என்றால் வாழ்வது. 'பெர்டா' என்றால் அழிப்பது. மூன்றும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் மரத்தைக் குடைந்து கூடு கட்டும் ஒரு பெரிய தச்சு எறும்பின் அறிவியல் பெயர் காம்போனோட்டஸ் லிக்னிபெர்டா. அது மரத்தை நாசம் செய்கிறது, ஆனால் தின்பதில்லை; குடைந்த தூளை வெளியே கொண்டுவந்து கொட்டிவிடும். லிக்னிவோரஸ் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தால் தவறாகியிருக்கும்.

லிக்னிகோலஸ் இன்னும் நுட்பமானது. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்களை ஆராய்பவர்கள் மரப்பட்டையின் மேல் வளர்வதைக் கார்டிகோலஸ் என்றும், பட்டை உரிந்த வெறுங்கட்டையின் மேல் வளர்வதை லிக்னிகோலஸ் என்றும், பாறை மேல் வளர்வதைச் சாக்ஸிகோலஸ் என்றும் பிரிப்பார்கள். ஒரே மரத்தின் வெளித்தோலும் உட்கட்டையும் அவர்களுக்கு இரண்டு வெவ்வேறு ஊர்கள். உல்பியன் மரத்தைப் பிரித்த அதே கவனம் இங்கே வேறு ஒரு துறையில் தெரிகிறது.

லிக்னோட்யூபரில் வால் 'ட்யூபர்', அதாவது புடைப்பு. பல யூகலிப்டஸ் இனங்களில் தண்டின் அடியில், மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ, மரத்தன்மையுள்ள ஒரு வீக்கம் இருக்கும். அதில் உறங்கும் மொட்டுகளும் மாவுச்சத்தும் உண்டு. காட்டுத்தீ மேலே உள்ளதை எரித்துவிட்டாலும் மரம் அங்கிருந்து மறுபடி துளிர்க்கும். சொல்லைப் பிரித்தாலே விளக்கம் கிடைத்துவிடுகிறது.

இப்போது லிக்னும் விட்டே. இதில் வால் 'விட்டே', வாழ்வின் என்று பொருள். கரீபியப் பகுதியில் வளரும் குவாயக்கம் மரத்தின் கட்டை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. சிபிலிஸ் நோயைக் குணமாக்கும் என்று நம்பினார்கள். விவிலியத்தின் வாழ்வு மரப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது இதனால்தான். நோயைக் குணமாக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டைக்கு வேறு அருமைகள் இருந்தன. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. உள்ளேயே பிசின் இருப்பதால் எண்ணெய் போடாமலேயே வழுக்கும். கப்பலின் விசிறித் தண்டு சுழலும் தாங்கிகளை அதில் செய்தார்கள். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸிலும் இந்தக் கட்டைத் தாங்கிகள் இருந்தன.

படி 5: லிக்னினைத் தனியாகப் படியுங்கள்

இந்தக் குடும்பத்தின் மையம் லிக்னின். மற்ற வேதியியல் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன் வேரிலிருந்து நேரடியாக வராமல், லிக்னின் வழியாக வந்தவை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவது நல்லது.

1813இல் சுவிட்சர்லாந்து தாவரவியலாளர் ஒகஸ்டின் பிராமுஸ் டி கான்டோல் இந்தப் பெயரை உருவாக்கினார். 'இன்' என்பது ஒரு பொருளைக் குறிக்கும் வால்; லிக்னின் என்றால் மரத்தின் சாரப்பொருள். அப்போது அதன் வேதியியல் யாருக்கும் தெரியாது. 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயன் மரத்தை நைட்ரிக் அமிலத்திலும் பிறகு காரத்திலும் இட்டுப் பார்த்தார். ஒரு பகுதி கரைந்து போனது, நார் மிஞ்சியது. மிஞ்சிய நாருக்குச் செல்லுலோஸ் என்ற பெயர் வந்தது அவரால்தான். கரைந்துபோனதை நாரின் மேல் படிந்து இறுகியிருக்கும் பொருள் என்று விளக்கினார். அதுதான் லிக்னின் என்று பின்னால் தெளிவானது.

உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 20 முதல் 30 சதவீதம் லிக்னின். மூன்று சிறிய ஆல்கஹால் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் பல திசைகளில் பின்னிக்கொண்டு உருவாகும் பெரிய வலை அது. செல்லுலோஸ் இழுவையைத் தாங்கும், லிக்னின் நசுக்கலைத் தாங்கும். சைலம் குழாய்களின் சுவரை விறைப்பாக்கித் தண்ணீர் உயரே ஏற வழி செய்வதும் அதுதான். நெட்டையான மரங்கள் நிற்பதே இதனால்.

இந்த வலை ஒழுங்கில்லாதது என்பதால் உடைப்பதும் கடினம். வெள்ளை அழுகல் பூஞ்சைகள் மட்டும் அதை முழுமையாகச் சிதைக்கக் கற்றிருக்கின்றன. 1983இல் அவற்றில் ஒன்றிலிருந்து லிக்னினைத் தாக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். 'ஏஸ்' நொதியைக் குறிக்கும் வால் என்பதால், இத்தகைய நொதிகளுக்கு லிக்னினேஸ் என்று பொதுப்பெயர்.

இப்போது மற்ற சொற்கள் தாமாகவே விளங்கும். லிக்னோசெல்லுலோஸ் என்றால் லிக்னினும் செல்லுலோஸும் பின்னிக்கிடக்கும் தாவரப் பொருள். வைக்கோல், கரும்புச் சக்கை, மரத்தூள் எல்லாம் இதில் அடக்கம். ஆகவே இங்கே 'மர' என்று பெயர்த்தால் பிழை. வைக்கோல் மரம் அல்லவே! லிக்னோசல்ஃபோனேட் என்றால், சல்ஃபைட் முறையில் காகிதக்கூழ் செய்யும்போது லிக்னின் கந்தகத்தோடு சேர்ந்து கரைந்து வரும் பொருள். கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைக்க அதைச் சேர்க்கிறார்கள். செயற்கை வனிலா மணத்தையும் அதிலிருந்து எடுக்கிறார்கள்.

லிக்னனும் லிக்னினும் ஒன்றல்ல. ஓர் உயிர் ஒலியில் ஆளே மாறிவிடுகிறது. லிக்னன் என்பது 1936இல் ஹாவொர்த் என்ற வேதியியலாளர் வைத்த பெயர். லிக்னினின் அடிப்படைத் துண்டுகளைப் போன்றவை இரண்டு மட்டும் சேர்ந்த சிறிய மூலக்கூறுகள் இவை. எள்ளிலும் ஆளிவிதையிலும் உள்ளவை லிக்னன்கள். உணவுக் கட்டுரைகளில் 'ஆளிவிதையில் லிக்னின் நிறைய' என்று எழுதியிருந்தால், எழுதியவர் சொல்லவந்தது அநேகமாக லிக்னனைத்தான்.

படி 6: கிரேக்க இரட்டையோடு ஒப்பிடுங்கள்

லிக்னோவின் கிரேக்க இரட்டை 'சைலோ'. க்ஸிலோனிலிருந்து வந்தது. சைலம், சைலோஃபோன், சைலோஸ், சைலிட்டால் எல்லாம் அதன் பிள்ளைகள். இரண்டுக்கும் ஒரே பொருள் என்றால் எப்போது எது வரும்?

கண்ணியமான பழைய முறை ஒன்று உண்டு: லத்தீனோடு லத்தீன், கிரேக்கத்தோடு கிரேக்கம். உண்பதைக் குறிக்கும் வோரஸ் லத்தீன், ஆகவே லிக்னிவோரஸ். அதே பொருளுள்ள ஃபேகஸ் கிரேக்கம், ஆகவே சைலோஃபேகஸ். லிக்னோஃபேகஸ் என்று யாராவது எழுதினால் அது கலப்பு. புரியாமல் போகாது, ஆனால் வழக்கில் இல்லை. இரண்டில் சைலோஃபேகஸ்தான் ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் தென்படும்.

நடைமுறையில் துறைகள் இரண்டையும் பங்குபோட்டுக்கொண்டன. நீர் கடத்தும் திசு சைலம். அதை விறைப்பாக்கும் பொருள் லிக்னின். ஒரே பாடப்பகுதியில் இரண்டு மொழியின் மரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இதைக் கவனித்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

படி 7: ஒளிந்திருக்கும் சொற்களைத் தேடுங்கள்

முதலில் லிக்னோகெயின். இந்த மருந்தைச் செலுத்தினால் அந்த இடம் மரத்துப்போகும். தமிழில் நினைப்பவருக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றும்: மரத்துப்போகச் செய்வதால் மரத்தின் பெயர். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல.

உண்மையான வழி இன்னும் நீளம். 1850இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகஸ்த் கஹூர் மரத்தை வடித்தெடுத்த நீர்மத்தில் ஒரு ஹைட்ரோகார்பனைக் கண்டார். மரத்திலிருந்து கிடைத்ததால் அது சைலீன். சைலீனோடு தொடர்புள்ள ஒரு பொருள் சைலிடின். 1943இல் ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய புதிய மரப்பு மருந்தின் மூலக்கூறுக்குள் அந்தச் சைலிடின் இருந்தது. அதனால் விற்பனைக்கு வந்தபோது அதற்குச் சைலோகெயின் என்று வணிகப் பெயர். பிரிட்டனில் வணிகப் பெயர் இல்லாத ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டபோது, கிரேக்கச் சைலோவை எடுத்துவிட்டு அதே பொருளுள்ள லத்தீன் லிக்னோவை வைத்தார்கள். கிடைத்தது லிக்னோகெயின். உலகப் பொதுப்பெயரான லிடோகெயின் வேறு வழியில் வந்தது. அதன் 'லிடோ' அசெட்டனிலைடு என்ற வேதிப்பெயரின் ஒரு துண்டு. அங்கே மரம் இல்லை.

இரண்டாவது, லினலூல். சோப்பு, ஷாம்பூ டப்பாக்களின் பின்புறம் பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். லாவண்டரிலும் கொத்தமல்லி விதையிலும் உள்ள வாசனைப் பொருள். நாம் அகில் என்று சொல்லும் வாசனைக் கட்டைக்கு இடைக்கால லத்தீனில் 'லிக்னும் ஆலோயெஸ்' என்று பெயர். ஸ்பானியர் வாயில் அது 'லினாலோயே' ஆயிற்று. அமெரிக்கக் கண்டத்தின் வேறு சில வாசனை மரங்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணெயில் கிடைத்த பொருள் லினலூல். வேரின் நடுவிலிருந்த ஜி எழுத்து தேய்ந்து மறைந்துவிட்டதால், தெரியாதவர் கண்ணுக்கு இந்த உறவு படவே படாது.

மூன்றாவது, லிக்னோசெரிக் அமிலம். லிக்னும் மரம், 'சேரா' மெழுகு. 24 கார்பன் கொண்ட இந்தக் கொழுப்பு அமிலம் முதலில் பீச் மரத்தின் தாரில் கிடைத்தது. அதே அமிலம் மனித மூளையின் கொழுப்புப் பொருள்களிலும் இருக்கிறது. பெயர் முதலில் கிடைத்த இடத்தைத்தான் சொல்லும், இருக்கும் எல்லா இடங்களையும் சொல்லாது.

படி 8: போலிகளை விலக்குங்கள்

எல், ஐ, ஜி, என் என்ற நான்கு எழுத்துகளும் வரிசையாக வந்தால் மட்டும் மரம் ஆகிவிடாது. வரிசைப்படுத்துவதைக் குறிக்கும் அலைன் என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த நான்கும் உள்ளன. அது கோட்டைக் குறிக்கும் லத்தீன் 'லீனியா' பிரெஞ்சு வழியாக வந்தது. புற்றுக்கட்டியைச் சொல்லும் மலிக்னன்ட் என்பதிலும் அந்த நான்கும் உள்ளன. ஆனால் அங்கே வெட்ட வேண்டிய இடம் வேறு. 'மல்' என்பது கெட்ட, மீதி பிறப்பைக் குறிக்கும் வேர். லிகமென்ட், லிகண்ட் இரண்டும் கட்டுதல் என்ற 'லிகாரே'யிலிருந்து வந்தவை. அவற்றில் ஜி எழுத்தை ஒட்டி என் எழுத்தே இல்லை என்பதைப் பார்த்தாலே போதும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்களில் சிக்கலாகப் பின்னி வளரும் ஒரு புதரை லிக்னும் என்றே அழைக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து லத்தீன் சொல்லேதான். ஆனால் அந்தப் பெயர் மரத்திலிருந்து வரவில்லை. முன்பு அந்தச் செடியைப் பாலிகோனும் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெயர் பேச்சில் திரிந்து லிக்னும் ஆகிவிட்டது.

ஆகவே சந்தேகம் வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேரை எடுத்தபின் மிஞ்சும் துண்டுக்குத் தனிப் பொருள் உண்டா? அந்தப் பொருள் எங்காவது மரத்தோடு, மரத்தன்மையோடு, அல்லது லிக்னினோடு தொடுகிறதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் அகராதியைத் திறந்துவிடுங்கள்.

படி 9: தமிழில் எழுதும்போது

ஆங்கில உச்சரிப்பில் லிக்னின் என்ற சொல்லில் ஜி ஒலிக்கும். அலைன் போல மௌனமாகாது. தமிழில் 'லிக்' என்று எழுதுவதே சரி. லைனின், லிங்கின் என்று எழுதினால் தேடுபவருக்குக் கிடைக்காது.

பெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா? என் கருத்து இது: தன்மையைச் சொல்லும் சொற்களைத் தமிழாக்குங்கள், பொருள்களின் பெயர்களை அப்படியே வையுங்கள். லிக்னியஸ் என்பதை 'மரத்தன்மையுள்ள' என்றும், லிக்னிகோலஸ் என்பதை 'கட்டைமேல் வாழும்' என்றும் எழுதினால் படிப்பவருக்கு உடனே புரியும். கட்டை என்ற சொல் இங்கே நமக்குப் பெரிய வசதி. மரம் என்றால் நிற்பதா, வெட்டியதா என்ற மயக்கம் வரும், கட்டை என்றால் வராது. ஆனால் லிக்னின், லிக்னன், லிக்னோகெயின் போன்றவற்றை மாற்றக்கூடாது. மரச்சத்து என்று எழுதினால் அது லிக்னினா, செல்லுலோஸா, பிசினா என்று யாருக்கும் தெரியாது.

புதுச் சொல் படைக்க நேர்ந்தாலும் மேலே பார்த்த முறையே போதும். வாலை முதலில் முடிவு செய்யுங்கள், அது எந்த மொழி என்று பாருங்கள், பிறகு சைலோவா லிக்னோவா என்று தேர்ந்தெடுங்கள், கடைசியாக இணைப்பு உயிர். அண்மையில் பிறந்த ஒரு பெயரை எடுத்துக்காட்டாகப் பாருங்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகமும் சுமிட்டோமோ ஃபாரஸ்ட்ரி நிறுவனமும் சேர்ந்து, ஹோனோகி என்ற மக்னோலியா வகை மரத்தில் பக்கத்துக்கு 10 செ.மீ. அளவில் ஒரு சிறு செயற்கைக்கோள் செய்தன. பலகைகளை ஆணியும் பசையும் இல்லாமல், ஜப்பானியத் தச்சர்களின் பழைய முறையில் பொருத்தினார்கள். 2024 நவம்பரில் அது பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. பெயர், லிக்னோசாட். 'சாட்' சாட்டிலைட்டின் சுருக்கம், அதன் மூலம் லத்தீன். முன்னால் வர வேண்டியது லத்தீன் மரம், லிக்னோ. நடுவில் தொழில்நுட்பச் சொற்களுக்குப் பழகிப்போன ஓகாரம்.